பிறக்காத நோயாளிகள்

என் நாத்தனார் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "தேடுறா" என்று சொல்வேன். "ஐயோ, எதைத் தொலைச்சா?" என்பார்கள். மருத்துவக் கல்லூரியில் நூலகர் என்று விளக்கினால் இன்னும் மோசம். புத்தகத்தில் தூசி தட்டுவாள், பேசுகிற பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள் என்று அவர்களாகவே ஒரு படம் வரைந்துகொள்வார்கள். அவள் புத்தகத்தைத் தொட்டே பல காலம் ஆகிறது. இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் எந்த மூலையில் எந்த டாக்டர் எந்த நோயைப் பற்றி எழுதியிருந்தாலும் அதைப் பிடித்து இழுத்து வருவதுதான் அவள் பிழைப்பு.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவள். மாணவர்கள் ஆய்வேட்டைக் கடைசி நாளில் கொண்டுவந்து நீட்டிக் கெஞ்சுவார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு முடித்துக் கொடுப்பேன். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் அவள் என்னைத் தன் அண்ணனுக்குப் பார்த்தாள். "எங்க வீட்ல யாருக்குமே சத்தம் போடத் தெரியாது. உங்கள மாதிரி ஒரு ஆளு வேணும்" என்றாள். இப்படி யாரும் பெண் கேட்டதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பேசவே மாட்டார். ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டதா என்று தானே பார்ப்பார், பக்கத்தில் இருப்பவன் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். உலகத்தில் அவர் சோதிக்காமல் நம்பிய ஒரே ஆள் தன் தங்கைதான். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

கல்லூரியில் அவள் பெயர் சல்லடை. "சல்லடை மேடம் இருக்காங்களா?" என்று டாக்டர்களே கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவள் வேலையைப் பார்த்தால் புரியும். ஒரு டாக்டர் வந்து, இந்த நோய்க்கு இந்த மருந்து நல்லதா என்று கேட்பார். அவள் அந்தக் கேள்வியைத் துண்டு துண்டாக வெட்டுவாள். யாருக்கு, எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் எழுதுவாள். ஏனென்றால் ஒரே நோயை ஒருவன் ஒரு பெயரில் எழுதியிருப்பான், இன்னொருவன் வேறு பெயரில் எழுதியிருப்பான். அந்தச் சொற்களைக் கோத்து நாலைந்து தரவுத்தளங்களில் போடுவாள். ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து கொட்டும். ஒரே கட்டுரை நாலு இடத்திலிருந்தும் வரும் என்பதால், முதல் வேலை இரட்டைகளைக் களைவது. அதற்கு ஒரு மென்பொருள் உண்டு. அது தலைப்பையும் எழுதியவர் பெயரையும் பார்த்து, தெளிவானவற்றைத் தானே ஒதுக்கும். சந்தேகமான ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒன்றா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தன் குப்பைத் தொட்டியில் போட்டுவிடும். மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தட்டிவிட்டுப் போவார்கள். அவள் ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள்.

பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுப்பாள். ஒருமுறை ஒரு மாணவன், கேட்டால் பதில் சொல்லும் செயலியிடம் எழுதி வாங்கிய ஆய்வேட்டை என் கடைக்கு பைண்டிங்குக்குக் கொண்டுவந்தான். அவள் டீ குடிக்க வந்தவள், பின்பக்கத்து மேற்கோள்களைச் சும்மா புரட்டினாள். "தம்பி, இந்தக் கட்டுரை உலகத்துலயே கிடையாது. இத எழுதின ஆளு இன்னும் பொறக்கவே இல்ல" என்றாள். பையன் முகம் சுருங்கிவிட்டது. அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது அவளிடம் இல்லை. எங்கே போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கல்லூரியில் நுரையீரல் டாக்டரம்மா ஒருவர் உண்டு. பெரிய மனுஷி, நல்ல மனுஷி. நுரையீரல் தொற்று முற்றிப்போனவர்களுக்கு ஒரு மருந்தை வழக்கத்தைவிட அதிக அளவில் கொடுத்தால் பிழைப்பார்களா என்று அவருக்கு ஒரு கேள்வி. மருந்தின் பெயர் வேண்டாம், குறைந்த அளவில் அது இன்றும் நல்ல மருந்துதான். இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரே தொகுப்பாக எழுத வேண்டும் என்றார். தேடல் முழுவதையும் என் நாத்தனார் செய்தாள். மாதக் கணக்கில் செய்தாள். பொதுவாக இந்த மாதிரி வேலைகளில் நூலகருக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி கிடைக்கும், அதுவும் தேடிப் பார்த்தால்தான் தெரியும். டாக்டரம்மா இவள் பெயரை ஆசிரியர் வரிசையிலேயே போட்டார். அதிக அளவு நல்லது என்று தொகுப்பு முடிவு சொன்னது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலும் அப்படியே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

என் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "ஊர்ல இருக்கறவங்க பேரையெல்லாம் வாயால சொல்லியே காலம் போச்சு. எம் பொண்ணு பேரு அச்சுல வந்திருக்கு" என்று முதல் பக்கத்தை என் கடையில் லேமினேட் செய்து வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டினார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட நிறுத்திக் காட்டுவார். அந்த மனிதரும் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அடுத்த வருடமே மாமியாருக்கு அதே நோய் வந்தது. சளி என்று ஆரம்பித்து, மூச்சு இழுக்கிற அளவுக்கு முற்றிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அதிக அளவில் மருந்து கொடுக்க வீட்டார் சம்மதம் வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் தாளை நீட்டினார்கள். சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று அதில் இருந்தது. அவர் பேனாவைத் திறக்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, போடலாமா?"

"போடுங்கண்ணா. நான் தேடினதுதான். எத்தனையோ பேரு பொழைச்சிருக்காங்க."

அவர் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மருந்து ஏறிய சில நாளில் மாமியாருக்குச் சிறுநீர் நின்றது. அதன் பிறகு கண் திறக்கவில்லை. இந்த வயதில், நோய் இந்த நிலைக்குப் போன பிறகு, எதுவும் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நாங்களும் அழுதுவிட்டு, அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். துக்கம் இருந்தது, கேள்வி இல்லை. கேள்வி இல்லாத துக்கம் எவ்வளவு பெரிய வரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

சில வருடங்கள் போயின. நூலகத்தில் மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டார்கள். அதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு நாள் காலை வகுப்பு வைத்தாள். பாடக் குறிப்புகளை நகல் எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனபோது கூடம் நிறைந்திருந்தது. எடுத்துக்காட்டுக்கு அவள் எப்போதும் அந்த நுரையீரல் தொகுப்பின் கோப்பைத்தான் திறப்பாள். பெருமை யாரை விட்டது. பெரிய திரையில் கட்டுரைகள் வரிசையாக வந்தன. புதுப் பதிப்பு தானாக எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தது, ஓரத்தில் சக்கரம் சுற்றியது. சுற்றி நின்றதும், ஒரே ஒரு வரியின் மேல் மட்டும் சிவப்புப் பட்டை விழுந்தது.

"மேடம், அது ஏன் செவப்பா இருக்கு?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"அது வாபஸ் வாங்கின கட்டுரை. எழுதினவங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு பத்திரிகையே திரும்ப எடுத்துக்கிட்டது" என்றாள் இவள்.

"உங்க தொகுப்புல எப்படி மேடம் வந்துச்சு?"

இவள் சிரித்தாள். "பாத்தீங்களா, இதுக்குத்தான் இந்தப் புது வசதி" என்று சொல்லிவிட்டு, மீதி வகுப்பை ஒரு சொல் பிசகாமல் முடித்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு அவள் கழுத்து தெரியும். கோபமோ பயமோ வந்தால் கழுத்து முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவக்கும். அன்றைக்கு அது வெளுத்துப்போய் இருந்தது. நான் நகல்களை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

மத்தியானம் அவளே கடைக்கு வந்தாள். பேயறைந்த மாதிரி இருந்தாள். பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அந்தக் கட்டுரைதான் தொகுப்பிலேயே பெரியது. அதை எடுத்துவிட்டால் அதிக அளவு நல்லது என்ற முடிவே நிற்காது. அதில் வருகிற நோயாளிகள் உண்மையில் இருந்தார்கள் என்பதற்கு அவர்களைச் சேர்த்ததாகச் சொன்ன ஆஸ்பத்திரியில் ஒரு சான்றும் இல்லை, எழுதியவர் உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்கியிருக்கிறார் என்று பத்திரிகை அறிவித்துவிட்டது. அறிவித்தது இவள் தேடுவதற்கு முன்னால். அதாவது அந்த அறிவிப்பும் இவள் தேடலில் வந்து விழுந்திருக்க வேண்டும்.

"வந்திருக்கு அண்ணி. தொட்டியில கெடக்கு."

வாபஸ் அறிவிப்பைப் பத்திரிகைகள் எப்படிப் போடும் என்றால், அதே தலைப்பு, அதே ஆசிரியர்கள், முன்னால் ஒரு சொல் மட்டும் கூடுதலாக இருக்கும். மென்பொருள் இரண்டையும் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறது. இவள் ஆமாம் என்றிருக்கிறாள். அது கட்டுரையை வைத்துக்கொண்டு, கட்டுரை செத்துவிட்டது என்ற சேதியை இரட்டை என்று தூக்கிப் போட்டுவிட்டது. யார் அழுத்தினார்கள் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. வேறு யாராக இருக்கும்?

"அசதியில பண்ணியிருப்பே" என்றேன்.

"நான் அசதியா இருந்தா தேட மாட்டேன் அண்ணி. நல்லாப் பாத்துத்தான் அழுத்தியிருப்பேன். அதுதான் தாங்கல."

அன்றிலிருந்து பிடித்தது அவளை. மாமியார் வந்து பிடித்திருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும், பெற்ற மகள் அல்லவா. பிடித்தது அந்தக் கட்டுரையில் இருந்த ஆட்கள். பிறக்காத ஆட்கள். அதன் கடைசியில் ஓர் அட்டவணை உண்டாம். வரிக்கு ஒரு நோயாளி, ஆணா பெண்ணா, என்ன வயது, எப்போது வீடு திரும்பினார் என்று. அதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். மத்தியானம் வாசிப்பு அறை காலியாக இருக்கும் நேரத்தில் கதவருகே நின்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று உதவி நூலகர் வந்து என்னிடம் சொன்னார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், யாரும் இல்லை என்பாளாம். அவள் அதைச் சொல்கிற விதம்தான் அவருக்கு உதறலாக இருந்ததாம்.

ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தம்மா நல்லாயிருக்காங்க அண்ணி" என்றாள்.

"எந்தம்மா?"

"அட்டவணையில நடுவுல ஒருத்தங்க. நம்ம அம்மா வயசு. மூச்சுவிட முடியாம வந்து சேந்தாங்க. நடந்து வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அவங்கதான் இல்லவே இல்லன்னு சொன்னியே!"

"அதான் சொல்றேன். இல்லாதவங்க எல்லாரும் பொழைச்சுட்டாங்க. இருந்தவங்கதான் போயிட்டாங்க."

கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டேன். அவளோ ஒரு புடவையை எடுத்து ஓரம் பார்த்து மடித்துவிட்டுப் போனாள். அந்த அம்மாவுக்கு இப்போது எவ்வளவு வயதாகியிருக்கும், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் யோசனை வருகிறது என்று வேறொரு நாள் சொன்னாள். திட்டுவதற்குக்கூட எனக்கு வாய் எழவில்லை. என் வாய்க்கே அந்த நிலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த கட்டுரை சும்மாவும் கிடக்கவில்லை. நூலகத்துக்கு வாங்கியிருந்த, கேட்டால் பதில் சொல்லும் செயலியிடம் அந்த மருந்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தாள். அதிக அளவு பாதுகாப்பானது என்று அது மரியாதையாகச் சொன்னது. ஆதாரம் என்று இவள் பெயரையே காட்டியது. "அதில் வாபஸ் வாங்கிய கட்டுரை இருக்கிறது" என்று எழுதினாள். மன்னிப்புக் கேட்டது. மறுபடி அதே கேள்வியைப் புதிதாகக் கேட்டாள். மறுபடி அதே பதில், அதே மரியாதை, அதே பெயர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இப்படி அதோடு மல்லுக்கட்டினாள். அப்புறம் தன் தொகுப்பை எங்கெங்கே யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்தாள். முன்பெல்லாம் அந்த எண்ணிக்கை கூடக் கூட வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வாள். இப்போது ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வார்டு, எங்கோ பேனாவைத் திறக்காமல் யோசிக்கிற ஒரு மகன் என்று ஆகிவிட்டது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் போனை எடுத்து, அன்றைக்கே வார்டில் அளவைக் குறைக்கச் சொன்னார். தொகுப்பைத் திரும்பப் பெறப் பத்திரிகைக்கு எழுதலாம் என்றார். உங்களை இழுக்க வேண்டாம், மென்பொருள் கோளாறு என்று போட்டுவிடலாம் என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "மென்பொருள் கேக்கத்தான் செஞ்சது டாக்டர், நான்தான் ஆமான்னேன்" என்று இவள் மறுத்துவிட்டாள். கடிதம் அவள் சொன்னபடியே போனது. வாழ்நாளில் அச்சில் வந்த ஒரே பெயரைத் தானே அழிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டாள். அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவள் நெஞ்சில் பாறையாக உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது.

"சொல்லக் கூடாது" என்றேன். "கையெழுத்துப் போட்டது அவரு. நீ சொன்னா, நீ தப்பு பண்ணினேன்னு அவருக்குத் தோணாது. அம்மாவ நான்தான் கொன்னேன்னு தோணும். உனக்குத் தெரியாதா உங்க அண்ணன?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? உன் மனசு லேசாகறதுக்கு அவரு தலையில கல்லைத் தூக்கிப் போடுவியா?"

"லேசாகாது அண்ணி. சொன்னாலும் ஆகாது. ஒரு தடவை ஒரு சேதியத் தொட்டியில போட்டேன். இன்னொரு தடவையும் போடச் சொல்றீங்களா?" என்றாள்.

நான் கத்தினேன். எங்கள் வீட்டில் சத்தம் போட என்னைத்தானே பிடித்து வந்தார்கள். உன் நியாயம் உன் நூலகத்தோடு இருக்கட்டும், இது என் புருஷன், என் வீடு என்று கத்தினேன். அவள் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் தரையில் உட்கார்ந்து மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தார். அவள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கையில் திருப்புளியோடு கேட்டார். லிஃப்ட் கோளாறைக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அந்த மருந்தாலதான் அம்மா போனாங்களா?"

"தெரியாதுண்ணா."

"தெரியாதுன்னா?"

"கொடுக்காம இருந்தாலும் போயிருக்கலாம். கொடுக்காம இருந்தா இருந்திருக்கவும் கூடும்."

அவர் மிக்சியை மறுபடி பூட்டினார். ஒவ்வொரு திருகையும் நிதானமாக இறுக்கினார். போட்டுப் பார்த்தார், ஓடியது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டையும் செய்யவில்லை.

அதன் பிறகு வீட்டில் அவர் குரலே கேட்கவில்லை. கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அவள் டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பாப்பா என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து உதிர்ந்துபோனது. வேலை முடிந்த லிஃப்டைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார். பார்த்ததையே மறுபடி மறுபடி பார்க்கிறாராம். சாப்பிடும்போது வலது கையை விரித்து வைத்து அதையே பார்ப்பார். கையெழுத்துப் போட்ட கை. நான் பயந்த மாதிரியேதான் ஆயிற்று. நான் சொன்னது பலித்ததில் எனக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்? நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் நானும் கொஞ்ச நாள் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, கடையில் உட்கார்ந்திருக்கிறேன், வேலை உடுப்போடு அவர் நூலகப் படி ஏறுவது தெரிந்தது. தங்கை அங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஒரு நாளும் அந்தப் படியில் கால் வைக்காத மனிதர். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் நேராக அவள் மேசைக்குப் போய், மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தேடு" என்றார்.

"எதண்ணா?"

"அம்மா மாதிரி ஒருத்தங்க. அந்த வயசு, அந்த நோய், அந்த அளவுக்கு முத்தினது. மருந்தக் கூட்டாம இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா? எவனாவது எங்கயாவது பாத்திருப்பான்ல. தேடு."

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எந்த டாக்டர் வந்து கேட்டாலும் கேட்பதைப் போலவே அவரைக் கேட்டாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா, ரத்தக் கொதிப்பு இருந்ததா, முன்பே சிறுநீரகத்தில் ஏதாவது உண்டா. அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். இரண்டு பேரும் குனிந்து பெற்ற தாயைத் துண்டு துண்டாகச் சொற்களாக்கித் திரையில் ஏற்றியதை நான் அலமாரிப் பக்கம் நின்று பார்த்தேன். வெளியே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்த மூலையில் மட்டும் மாமியார் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்தேன்.

எல்லாத் தரவுத்தளத்திலும் போட்டாள். வந்ததையெல்லாம் அவருக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகத் திறந்தாள். இது குழந்தைகளைப் பற்றியது, இது வேறு மருந்து, இதில் இவ்வளவு முற்றியவர்களைச் சேர்க்கவில்லை என்று படித்துப் படித்து ஒதுக்கினாள். இரட்டைகள் வந்தபோது பொத்தானை அழுத்தவில்லை, இரண்டையும் அவருக்குத் திறந்து காட்டினாள். கடைசியில் திரையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இல்லண்ணா" என்றாள்.

"நல்லாத் தேடினியா?"

"தேடினேன். இதுக்குப் பதில் யாரும் கண்டுபிடிக்கல."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து, எப்படியும் போயிருப்பாங்கண்ணா, பாருங்க இங்க எழுதியிருக்கு என்று காட்டியிருந்தால் அந்த மனிதருக்கு என்ன தெரியப் போகிறது? ஆங்கிலத்தில் நாலு வரி, மேலே ஒரு பட்டம் போட்ட பெயர், போதும். அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அப்படி ஒருவன் காட்டிய கட்டுரையால்தானே இத்தனையும்.

"இனிமே யாராவது கண்டுபிடிச்சா?" என்று கேட்டார்.

"இந்தத் தேடலை இப்படியே சேமிச்சு வெச்சா, வாரா வாரம் அதுவே தேடிட்டு உங்க போனுக்கு மடல் அனுப்பும். புதுசா வந்தாலும் சொல்லும், வரலன்னாலும் சொல்லும்."

"வை" என்றார்.

அன்றிலிருந்து திங்கள்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று பேரும் சமையலறையில் நின்று டீ குடிப்போம். அவர் போனில் சத்தம் வரும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாரா வாரம் ஒரே மாதிரி வருகிற மடலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். "ஒண்ணும் இல்லையாம்" என்பார். "சரிண்ணா" என்பாள். அண்ணன் தங்கைக்குள் அந்த வாரத்துக்கான பேச்சு அவ்வளவுதான். சில வீடுகளில் அதுகூடக் கிடையாது என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

மடலின் அடியில், இந்த அறிவிப்பை நிறுத்த இங்கே தொடவும் என்று பொடி எழுத்தில் இருக்கும். அவர் குளிக்கிற நேரத்தில் நான் அதைத் தொட்டுத் தொலைத்துவிடலாம் என்று எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். தொட்டால் இந்தப் பேய் போய்விடும், கூடவே அந்த இரண்டு வார்த்தைப் பேச்சும் போய்விடும். வைத்துவிடுவேன்.

"என்னைக்காவது ஒண்ணு வந்துட்டா?" என்று ஒருமுறை அவளைக் கேட்டேன்.

"வந்தா ரெண்டுல ஒண்ணு அண்ணி. மருந்து இல்லாட்டியும் போயிருப்பாங்கன்னு வரும். இல்ல, பொழைச்சிருப்பாங்கன்னு வரும்."

"எது வரணும்னு வேண்டிக்கறே?"

"வேண்டிக்கிட்டுத் தேடக் கூடாது அண்ணி" என்றாள்.

போன திங்கள்கிழமை போன் சத்தம் போட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். விரலால் திரையை மேலே தள்ளினார், மறுபடி கீழே கொண்டுவந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றார் அவர்.

"சரிண்ணா" என்றாள். என் கையை மட்டும் விடவில்லை.